குழிக்குப் போட்ட உப்பு

செப். 18, வெள்ளி

விடிந்ததிலிருந்து மூட்டம். எதிரே பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம்கூடத் தெரியவில்லை. பஸ் இன்றும் இல்லை. கீழே இட ஒதுக்கீடு கேட்டு மறியல். மலை ஏறுகிற ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்களாம். வெள்ளிமலையில் மாட்டிக்கொண்ட ஜீப் டிரைவர் டீக்கடையில்: "சின்னசேலத்துல ரயிலே நின்னுக்கினு இருக்குது சார். நீங்க இன்னாடான்னா பஸ்ஸ கேக்குறீங்க."

கால்நடை நிலையக் கையிருப்பு: குடற்புழு மருந்து கொஞ்சம். காயத்துக்கு ஊற்றும் எண்ணெய். சுண்ணாம்புச் சத்து ஊசி ஒரே ஒரு பாட்டில். தடுப்பூசி இல்லை, ஐஸ் இல்லாத ஊரில் அதை வைத்து என்ன செய்ய. தாது உப்பு மூட்டை இல்லை.

என் சமையலறைக் கையிருப்பு: ரவை, கொஞ்சம் மண்ணெண்ணெய், மாங்காய் ஊறுகாய். சாப்பாட்டு உப்பும் இல்லை. கடையிலும் இல்லை. நேற்று பொழுது சாய்ந்தபிறகுதான் புத்தி வந்து பக்கத்து வீட்டு வாத்தியார் மனைவியிடம் போய்க் கேட்டேன். "விளக்கு வெச்சாச்சே சார். இந்த நேரத்துல அத கேக்கலாமா? காலைல வாங்க." உப்பு என்ற வார்த்தையைக்கூட அந்த அம்மாள் வாயால் சொல்லவில்லை. காலையில் போனால், "இருந்தது தீந்துபோச்சே சார்." போகட்டும். உப்பில்லாத உப்புமா தின்றுவிட்டு ஈச்சங்காட்டுக்குக் கிளம்பினேன்.

ஈ.காட்டில் வெள்ளையன் வீட்டுச் செவலைப் பசுவுக்கு நாள் நெருங்குகிறது. இரண்டாவது ஈற்று. முதல் ஈற்றில் கன்று போட்டதும் கால் மடங்கிப் படுத்துவிட்டாள். உடம்பில் சுண்ணாம்புச் சத்து இல்லை. ஊசி போட்டு எழுப்பினேன். அதிலிருந்துதான் வெள்ளையனுக்கு என்மேல் நம்பிக்கை. ஊர்மாடு முழுக்க மேய்ப்பவர் அவர். சாமை வைக்கோலும் காட்டுப்புல்லும் மட்டும் தின்றால் மாட்டுக்கு வயிறு நிறையும், எலும்பு நிறையாது, தாது உப்பு வைக்க வேண்டும் என்று தொண்டை வறளச் சொன்னபோது மூட்டையில் கைவிட்டுப் பார்த்து, "கல்லு மாவு மாதிரி இருக்குது. மாடு இன்னாத்துக்கு சார் கல்லு துன்னணும்?" என்றவர். நம்பிக்கை வந்தபிறகு அவர் ஆர்வத்தைப் பிடிக்க முடியவில்லை. என் மாமனார் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் இருப்பதால் மொலாசஸ் ஒரு டின் கொண்டுவந்து கொடுத்தேன். அந்தக் கரும்புப்பாகையும் தாது உப்பையும் தொட்டியில் கலந்து வைத்துவிட்டு, தினம் உச்சிப்பொழுதில் ஒரு பழைய தகர டப்பாவைக் குச்சியால் தட்டுவார். மூன்று தட்டு. நிறுத்தி, ஒரு தட்டு. மாடுகள் எங்கிருந்தாலும் வந்துவிடும்.

இன்று பலாமரத்து வளைவு தாண்டும்போது அந்தத் தட்டு கேட்டது. மூன்று. நிறுத்தி, ஒன்று. மூட்டத்தில் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று வேகமாக நடந்தேன்.

ஊரில் தொட்டி காலி. வெள்ளையன் மனைவி சின்னப்பொண்ணு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை.

"நேத்து கஞ்சி குடிச்சிட்டு சொவுத்துல சாஞ்சாரு சார். அவ்ளோதான். பொழுது எறங்கசொல்லோ பொதச்சிட்டோம்."

போயும் போயும் இதைத்தான் கேட்டேன்: "அப்ப இப்ப தகரம் தட்டுனது யாரும்மா?"

"யாரும் தட்டலியே. தகரம் குழிமேல இருக்குது. அவரு தடிகூட வெச்சிட்டோம்."

போய்ப் பார்த்தேன். ஊருக்கு மேற்கே சரிவில், நாவல்மரத்துக்குக் கீழே புது மண். அதைச் சுற்றி ஊர்மாடு அத்தனையும். முட்டல் இல்லை, கத்தல் இல்லை. தலையைக் குனிந்து மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. நாக்குகளின் சத்தம் மட்டும், சொரசொரவென்று. தலைமாட்டில் செவலை. தகரம் அவள் மூஞ்சிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

மாடு மூஞ்சியால் இடித்திருக்கும், தகரம் சத்தம் போட்டிருக்கும். மூன்று, ஒன்று என்பது நானாகப் பழக்கத்தில் எண்ணிக்கொண்டது. வேறென்ன.

வெள்ளையன் நல்ல மனிதர். வரும் வழியெல்லாம் மனசு சரியில்லை.

செப். 19, சனி

தூறல். குடைக்கம்பி ஒன்று போயிற்று. செருப்பு வார் இன்றைக்கோ நாளைக்கோ.

எழுந்ததும் நினைவுக்கு வந்தது அந்த நாக்குச் சத்தம்தான். வேலையில் போட்டு மறக்கலாம் என்று வெள்ளிமலைக்குள்ளேயே ஒரு சுற்று. கண்டவை:

தபால் ஆபீஸ் பின்சுவர், ஆண்கள் ஒதுங்குகிற இடம். பசுக்கள் வரிசையாக நின்று சுவரை நக்குகின்றன.

ஒரு வெள்ளாடு கொடியில் கிடந்த என் பனியனின் அக்குளைச் சப்பித் தீர்த்துவிட்டது.

வாத்தியார் வீட்டு நாய் சாக்பீஸ் கடிக்கிறது. குட்டி போட்ட நாய். வாத்தியார் சொல்கிறார்: "பசங்களுக்குத்தான் ஏறல. அதாவது படிக்கட்டும்." சிரிக்கிற விஷயமில்லை, பால் கொடுக்கிற நாய்க்கு வெறும் சோறு போட்டால் அது சுண்ணாம்பைத்தான் தேடும், ஒரு முட்டையாவது உடைத்து ஊற்றுங்கள் என்றேன். "எனக்கே முட்ட இல்ல சார்" என்றார்.

ஆக, உப்புப் பசி. கீழே ரோட்டை மறித்தால் மேலே மாடு சுவரை நக்கும். கேட்கிறவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கலாம், அது வேறு. உப்பு வண்டியை மட்டுமாவது விட்டிருக்கலாம். பிலோமினாவிடமிருந்து கடிதமும் இல்லை. மாமனார் வீட்டில்தான் இருப்பாள், பயமில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. மூத்திரச் சுவரில் உப்பு பூத்திருக்கும், அதனால் நக்கும். மலைச்சரிவில் வெட்டிப் போட்ட புது மண்ணில் என்ன இருக்கிறது? அதைச் சுற்றிலும் அதே மண்தானே. அங்கே ஏன் வாய் வைக்கவில்லை?

செப். 20, ஞாயிறு

மூட்டம். பூசைக்குக் கீழே இறங்க வழியில்லை. அறையிலேயே ஜெபமாலை சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டு ஈ.காடு.

இன்று முன்கூட்டியே போய் நாவல்மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். குழிமேல் தகரம், தடி. தகரத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்று முடிவு. மாடுகள் எதிர்ச்சரிவில் சிதறி மேய்ந்துகொண்டிருந்தன. பொழுது உச்சிக்கு வந்தது.

தகரம் சத்தம் போடவில்லை. காற்றுக்கூட இல்லை. இதை நான் சத்தியம் செய்து எழுதுவேன். ஆனால் எதிர்ச்சரிவில் மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் காதைத் திருப்பின. புல்லை வாயில் வைத்துக்கொண்டே நின்றன. அப்புறம் செவலை நடந்தாள். அவள் வயிற்றோடு அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறுவது பார்க்கவே பயம். பின்னால் மற்றவை. தொட்டியில் எந்த மாடு எந்த மாட்டுக்குப் பக்கத்தில் நிற்குமோ அதே வரிசையில் குழியைச் சுற்றி வந்து நின்றன. நான் உட்கார்ந்திருந்ததை ஒன்றும் பொருட்படுத்தவில்லை. ஒரு காளைக்கன்று மட்டும் என் முழங்காலைத் தாண்டிப் போய் நின்றது.

எழுந்து ஊருக்குள் வந்துவிட்டேன். எனக்குப் பயம் வந்தது. இங்கே எழுதிக்கொள்வதில் என்ன வெட்கம்.

ஊர்க்கவுண்டர் என்னைப் பார்க்கத்தான் காத்திருந்தார். கோபக்காரர் இல்லை, நிதானமாகப் பேசுகிறவர்.

"சாரு, நான் பயந்தவன் இல்ல. ஆனா ஊரு பயப்படுது. கொயந்தைங்க அந்தப் பக்கம் போவ மாட்டேங்குது. பொம்பளைங்க தண்ணிக்கு சுத்திக்கினு போறாங்க. மொதல்ல போறது அந்தச் செவலதான். அவ போனா எல்லாம் போவுது. செவ்வாக்கெழம அமாவாச. அன்னிக்கி அவள கரட்டுக்கு அந்தாண்ட ஓட்டி வுட்டுடறதுன்னு பேசிட்டோம்."

"அந்தாண்ட செந்நாய் திரியுதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"திரியுது."

"இன்னிக்கோ நாளைக்கோ கன்னு போடுற மாடு கவுண்டரே. போன தடவ போட்டதும் படுத்துட்டா. ஆள் இல்லாத எடத்துல படுத்தா அவ்ளோதான். மாடும் போச்சு, கன்னும் போச்சு."

"வேற யாராச்சும் வாங்கிக்குவாங்களான்னு கேட்டோம். அவன் கூப்புடுற மாட்ட எவன் சார் தொழுவத்துல கட்டுவான்?"

சின்னப்பொண்ணு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையில்லை அவளுக்கு. நிலம் கவுண்டரின் பங்காளி ஒருவரோடு பொது. அவளுடையது என்று இருப்பது அந்த மாடுதான். நான் கிளம்பும்போது பின்னாலேயே வந்தாள். "நீங்க சொன்னா கேப்பாங்க சார். எதனா சொல்லுங்க." எதைச் சொல்ல? எனக்கே எதுவும் தெரியாது.

செப். 21, திங்கள்

வெயில் எட்டிப் பார்த்தது. சட்டை காய்ந்தது.

காலை உப்புமா கிண்டும்போது எரிச்சலில் உப்பு ஜாடியைத் திறந்து மறுபடியும் பார்த்தேன். காலி ஜாடியைப் பார்த்துக்கொண்டே நின்றவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு டீக்கடைக்கு ஓடினேன்.

ஜீப் டிரைவரிடம்: "ஏம்பா, உங்கள்ல குழிக்குள்ள இன்னா போடுவாங்க?"

"காலங்காத்தால இன்னா சார் கேள்வி இது. உப்புதான். உப்பு போடாம மூடுவாங்களா?"

உப்பு. கடையில் உப்பு இல்லை. வெள்ளையனைப் புதைத்தது பொழுது இறங்குகிற நேரம். விளக்கு வைத்தபிறகு எந்த வீட்டில் கொடுப்பார்கள்? ஆனால் வெள்ளையன் வீட்டில் பரண்மேல் தாது உப்பு மூட்டை ஒன்று இருந்தது. பழைய மூட்டை தீர்ந்துபோனதால் புதுசைப் பிரிக்க வேண்டும் என்று போன தடவைதான் சொன்னார். அதுவும் உப்புதானே. மூட்டையே சொல்கிறது, தாது உப்பு என்று. அதை அள்ளிக் குழியில் போட்டிருக்கிறார்கள்! தினம் தொட்டியில் தின்று பழகிய உப்பு. மாட்டுக்கு மோப்பம் எவ்வளவு தூரம் எட்டும் என்று எனக்குத் தெரியாதா. செருப்பு வார் அறுந்ததையும் பார்க்காமல் ஏறினேன்.

கவுண்டரையும் ஊர் ஆண்களையும் குழியருகே கூட்டினேன். சின்னப்பொண்ணு கொஞ்சம் தள்ளி, சரிவுக்கு மேலே.

"குழிக்கு உப்பு போட்டீங்களா?"

"போடாம?" என்றார் கவுண்டர். "அது சாவு வூட்டுக்காரங்க எடுத்தாரணும். இவதான் முந்தானைல முடிஞ்சிக்கினு வந்து குடுத்தா."

"கடைல இல்ல. பொழுது போன நேரம். எந்த வூட்ல வாங்குனாங்க?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சின்னப்பொண்ணு பக்கம் திரும்பினேன். "ஏம்மா, பரண்மேல நான் குடுத்த மூட்ட இருந்ததே, மாட்டு உப்பு. அதத்தான போட்டீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள், கவுண்டரைப் பார்த்தாள், கீழே நின்ற செவலையைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள். "அதான் போட்டேன்."

போதாதா! ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து எல்லோர் எதிரிலும் நாக்கில் வைத்தேன். கரித்தது. "பாருங்க, கரிக்குது." கவுண்டர் தயங்கி, அவரும் வைத்துப் பார்த்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். "ஆமா. கரிக்கத்தான் செய்யுது." அப்புறம் ஒவ்வொருவராக. ஒரு பெரியவர், "லேசா இனிக்குது கூட, அந்தப் பாகு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் முதன்முதலாக ஆட்கள் சிரித்த சத்தம்.

செவலை கரட்டுக்குப் போகவில்லை. ஊருக்கு உப்பு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். அதுவரை குழிமேல் கல் அடுக்கச் சொன்னேன்.

செப். 22, செவ்வாய். அமாவாசை

மூட்டம் மறுபடியும். பஸ் இல்லை. கீழே பேச்சுவார்த்தை என்று ரேடியோ.

கால் கொப்புளம். போகாமல் இருக்க முடியவில்லை. ஈ.காட்டில் வீட்டுக்கு வீடு அமாவாசைப் படையல். குழிமேல் பெரிய பெரிய கல்லாக அடுக்கிவிட்டார்கள், நல்ல வேலை. தகரத்தைக் கவுண்டர் என் கையில் கொடுத்தார். "இனிமே மாட்டுக்கு வெக்கிறது நீங்கதான். இது உங்ககிட்ட இருக்கட்டும்." நிலையத்துக்கு எடுத்துவந்து மேசைமேல் வைத்திருக்கிறேன். விளிம்பில் அவர் குச்சி பட்டுப் பட்டுப் பள்ளம்.

செவலைக்கு மடி இறங்கிவிட்டது. கேழ்வரகுக் கூழ் வைக்கச் சொன்னேன். சின்னப்பொண்ணு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. துக்க வீடு.

எனக்கு நாள் முழுக்க ஒரு கர்வம். பிலோமினாவிடம் சொல்ல வேண்டும். எதையும் ஒரு கேள்வி கேட்டால் பிடிபட்டுவிடும். பேயாவது பிசாசாவது.

செப். 23, புதன்

மூட்டம். விறகு ஈரம்.

இன்றும் போனதாம் எல்லா மாடும். கல்லுக்கு வெளியே நின்று கல்லை நக்கியதாம். கவுண்டர் இப்போது பயப்படவில்லை: "கல்லு இடுக்குல வாசன வருது போல சாரு." ஆமாம் என்றேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

செவலைக்குக் கன்று போடும்போது தேவைப்படும் என்று நல்ல கயிறு கேட்டேன். "பரண்ல இருக்கும், நான் எடுக்குறேன்" என்று சின்னப்பொண்ணு எழுவதற்குள் நானே உரல்மேல் கால்வைத்து ஏறிவிட்டேன்.

கயிற்றுக்குப் பின்னால் மூட்டை. தாது உப்பு. வாய் தைத்த தையல் பிரியவில்லை. என் கையால் போட்ட சிவப்பு மைக் குறியும் அப்படியே.

கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டேன். அவள் கதவைச் சாத்தினாள்.

"இதத்தான போட்டேன்னு சொன்னீங்க."

"நீங்கதான் சார் சொன்னீங்க. நான் ஆமான்னேன். இல்லன்னு சொல்லியிருந்தா அமாவாசைக்கி மாட்ட ஓட்டியிருப்பாங்களா இல்லியா?"

"அப்ப குழிக்கு இன்னாதான் போட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. நாலு வூடு ஏறி எறங்குனேன். விளக்கு வெச்ச பொறவு எவ தருவா? அடுப்பு சாம்பல முடிஞ்சிக்கினு போயி குடுத்தேன். இருட்டுல எவனும் பாக்கல." குரல் உடையவில்லை. கண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. "இந்த மூட்ட நெனப்பே வரல சார் அன்னிக்கி. அவரு ஊருக்கே மாட்டுக்கு உப்பு வெச்ச மனுசன். உப்பில்லாம கெடக்குறாரு."

அந்த மண் கரித்ததே. நான் நாக்கில் வைத்தேன், கரித்தது. இத்தனை பேர் நாக்கில் வைத்தார்கள்.

"அப்ப மாடு அங்க இன்னாத்துக்கும்மா போவுது?"

"எனக்கு மொத நாளே தெரியும் சார். கேக்கத்தான் போவுது. அவருக்கு வாய் இல்ல. அதுங்கள வெச்சி கேக்குறாரு."

வெளியே கவுண்டர் குரல், இருமல். கயிற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் செவலை நாளைக்கே கரட்டுக்கு அந்தாண்டை. சொல்லாவிட்டால்? மாடுகள் கல்லை நக்கிக்கொண்டே இருக்கும். ரோடு திறந்து உப்பு வந்தும் அவை போனால், கவுண்டர் என் முகத்தைப் பார்ப்பார்.

செப். 24, வியாழன்

விடியற்காலையிலேயே ஏறிவிட்டேன். சின்னப்பொண்ணு மூட்டையைப் பிரித்து வைத்திருந்தாள். அவர் கலப்பது போலவே பாகு ஊற்றிப் பிசறியிருந்தாள். செவலை பங்கை முதலில் எடுத்து வையுங்கள், நாள் நெருங்கிய மாடு என்றேன். "மொதல்ல அவருக்கு சார்" என்றாள். கடைசியில் செவலைக்கு ஒரு சட்டி ஒதுக்கினோம்.

குழிக்குக் கிட்டே பெண்கள் வரக்கூடாது என்பார்கள். வந்தாள். நான் தலைமாட்டுக் கற்களைப் புரட்டினேன். போடுவதற்கு முன் ஒரு சிட்டிகை மண் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். வெறும் மண். கொஞ்சம்கூடக் கரிப்பு இல்லை.

மீதி மூட்டை தீரும்வரை அவள் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டாள். எதுவும் முணுமுணுக்கவில்லை. கடைசியில் மட்டும், "இந்தாங்க" என்றாள், சோறு போட்டுவிட்டுத் தட்டை நகர்த்துகிற மாதிரி. நான் பரப்பிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஜெபம் ஒன்று சொன்னேன். அவருக்கு ஆகுமா ஆகாதா தெரியாது. கற்களைப் பழையபடி அடுக்கினோம்.

சொன்ன பொய் இனிப் பொய்யில்லை. உப்பு இருக்கிறது. இனி மாடு வந்தால் உப்புக்காக வருகிறது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

டீக்கடையில்: கீழே மறியல் முடிந்ததாம், ஆனால் மலை ரோட்டில் மரம் எடுக்க ஆள் வரவில்லை. உப்பு இல்லை.

செப். 25, வெள்ளி

நல்ல வெயில். செவலை விடியலில் கன்று போட்டுவிட்டாள். கிடேரி. நான் போய்ச் சேரும்போது கன்று காலூன்றி மடி தேடிக்கொண்டிருந்தது. செவலையும் நின்றுகொண்டிருந்தாள், சட்டி காலி. இருந்த ஒரே ஊசி பாட்டிலைத் தொடத் தேவை வரவில்லை. சீம்பால் முழுக்கக் கன்றுக்கு விடுங்கள், யாருக்கும் கறக்காதீர்கள் என்றேன். சின்னப்பொண்ணு சிரித்தாள். இத்தனை நாளில் முதல் தடவை.

உச்சிப்பொழுது. கவுண்டரும் நானும் தொட்டியருகே. மாடுகள் எதிர்ச்சரிவில். நான் தகரத்தைக் கொண்டுவரவில்லை.

ஒன்றும் காதைத் திருப்பவில்லை. மேய்ந்துகொண்டே இருந்தன. சில படுத்து அசைபோட்டன. நிழல் நீளும்வரை நின்றோம். ஒரு மாடுகூடக் குழிப்பக்கம் போகவில்லை.

உப்புப் பசி தீர்ந்ததா என்றால் இல்லை. அந்தக் காளைக்கன்று வந்து என் வியர்த்த சட்டையைச் சப்பியது. ஒரு பசு தொட்டிக் கல்லையே தேய்த்துக்கொண்டிருந்தது. செவலையைத் தவிர வேறு ஒரு மாட்டுக்கும் ஒரு சிட்டிகை உப்பு கிடைக்கவில்லை இந்த ஊரில்.

"சரியா சொன்னீங்க சாரு" என்றார் கவுண்டர். "உப்புதான். நக்கி நக்கி தீந்துபோச்சி, அதான் இன்னிக்கி போவல."

தலையாட்டினேன். வாசலில் சின்னப்பொண்ணு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போனபிறகு நாவல்மரத்தடிக்குப் போய்த் தலைமாட்டுக் கல்லைத் தூக்கினேன். அப்படியே இருக்கிறது. நேற்று நான் பரப்பிய விரல் தடம்கூடக் கலையவில்லை. பாகு வாடை ஆளைத் தூக்குகிறது. ஒரு எறும்பு இல்லை. கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தேன். நல்ல கரிப்பு.

கல்லை வைத்துவிட்டு, கையைத் துடைக்காமலே தொழுவத்துக்கு வந்தேன். செவலை கன்றை விட்டுவிட்டு வந்து அந்தக் கையைத்தான் நக்கினாள்.